நான்கு பல்கலைக்கழகம், ஒரு டிஸ்க்

பாலக்காட்டுப் பக்கம் சித்தூரோ கொழிஞ்சாம்பாறையோ, இடுக்கிப் பக்கம் மூணாறோ குமுளியோ, எல்லையை ஒட்டிய ஒரு சின்னக் கல்லூரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து பாடப்பிரிவு, சில நூறு பிள்ளைகள். உடற்கல்விக்கு ஓர் ஆசிரியர் இருந்தாலே பெரிய விஷயம். இல்லையென்றால் விளையாட்டுப் பொறுப்பு கடைசியாக வந்து சேர்ந்த கெஸ்ட் லெக்சரர் தலையில் விழும். அவரிடம் நாலு பேர் வந்து, "சார், அல்டிமேட் ஃபிரிஸ்பி டீம் போடலாமா?" என்று நிற்கிறார்கள். பணத்துக்கு எங்கே போவது என்று அவர் முழிக்கிறார். அந்த லெக்சரர் நீங்கள்தான் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். டீ வரட்டும், அவசரமில்லை.

முதலில் ஆட்டம் என்னவென்று பார்த்துவிடுவோம். பக்கத்துக்கு ஏழு பேர். களம் 100 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம். இரண்டு முனையிலும் 18 மீட்டர் ஆழத்துக்கு ஒரு கட்டம். எதிரணி காக்கிற கட்டத்துக்குள் உங்கள் ஆள் டிஸ்க்கைப் பிடித்துவிட்டால் ஒரு புள்ளி. கையில் டிஸ்க்கை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது. ஒரு காலை ஊன்றிக்கொண்டு மறு காலைத் திருப்பலாம், அவ்வளவுதான். எதிரே நின்று மறிப்பவர் ஒன்று, இரண்டு என்று நொடிக்கொன்றாக எண்ணுவார். பத்து என்று அவர் வாய் திறப்பதற்குள் எறிந்தாக வேண்டும். டிஸ்க் கீழே விழுந்தாலும், கோட்டுக்கு வெளியே போனாலும், எதிராளி தட்டிவிட்டாலும் கை மாறிவிடும். உடம்போடு உடம்பு மோதக்கூடாது. பெரும்பாலும் 15 புள்ளி எடுத்தவர்கள் ஜெயித்தவர்கள்.

நடுவர் கிடையாது. உலகப் போட்டியிலும் கிடையாது. இதைப் பற்றி நிறையப் பேச வேண்டியிருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

இந்த ஆட்டம் பிறந்த இடம் தெரிந்தால் உங்கள் கவலை பாதி குறையும். 1968-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், மேப்பிள்வுட் என்ற ஊரின் கொலம்பியா உயர்நிலைப் பள்ளியில், ஜோயல் சில்வர் என்ற மாணவர் மாணவர் பேரவைக் கூட்டத்தில் ஃபிரிஸ்பிக்கும் பாடத்திட்டத்தில் இடம் வேண்டும் என்று பாதி விளையாட்டாக ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். (பிற்பாடு 'மேட்ரிக்ஸ்' படத்தைத் தயாரித்தவர் இவர்தான்.) மாணவர்கள் ஆடிப் பழகியது பள்ளியின் வண்டி நிறுத்துமிடத்தில், அங்கே விளக்கு இருந்ததால் இரவிலும் ஆட முடிந்தது. 1970 நவம்பரில் பக்கத்து ஊர் மில்பர்ன் பள்ளியோடு முதல் பந்தயம், 43-க்கு 10. இரண்டு வருஷம் கழித்து, 1972 நவம்பர் 6 அன்று, ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் மோதின. கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் அல்டிமேட் பந்தயம் அது. 29-க்கு 27 என்று ரட்கர்ஸ் ஜெயித்தது. அதுவும் நடந்தது வண்டி நிறுத்துமிடத்தில்தான். பயிற்சியாளர் சம்பளம், புல்தரை, சீருடை எதையும் நம்பிப் பிறந்த ஆட்டமில்லை இது. மைதானம் கிடைக்காத பிள்ளைகள் கிடைத்த இடத்தில் ஆடிப் பார்த்து உண்டாக்கியது.

டிஸ்க் 175 கிராம். அந்தக் கனத்தில் பெரும்பங்கு விளிம்பில் இருக்கும். ஒரு நல்ல இங்கிலீஷ் வில்லோ மட்டை வாங்குகிற காசில் பல டிஸ்க் வாங்கிவிடலாம். ஓர் அணிக்கு ஒரு வருஷத்துக்கு அரை டஜன் இருந்தால் தாராளம். எல்லை காட்ட கூம்பு வேண்டும் என்பார்கள். மணல் நிரப்பிய பழைய தண்ணீர் பாட்டிலும் சுண்ணாம்புப் பொடியும் போதும். கல் வைத்துவிடாதீர்கள், டிஸ்க்குக்காகப் பாய்கிற பையன் அதன் மேலேயே விழுவான். காலுக்குக் கால்பந்து பூட் இருந்தால் நல்லது. மூணாறில் அதற்குப் பஞ்சமில்லை. எஸ்டேட் அணிகளுக்கிடையே நடக்கும் ஃபின்லே ஷீல்டு கால்பந்து 1940களிலிருந்து வருவதால், லயத்து வீடுகளில் அண்ணன் பூட் ஒன்று மூலையில் கிடக்கும்.

அப்படியானால் பணம் எங்கேதான் தேவைப்படுகிறது? இதற்குச் சென்னையைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் இந்த ஆட்டம் வேர்விட்ட முக்கியமான ஊர் அது. பெசன்ட் நகர் கடற்கரையில் வளர்ந்தது. ஏன் கடற்கரை? வாடகை கேட்க ஆள் இல்லை. மணலில் பூட் வேண்டாம். எம்பிப் பாய்ந்து விழுந்தால் அடிபடாது. கடற்கரை ஆட்டத்துக்குப் பக்கத்துக்கு ஐந்து பேர் போதும், களமும் 75-க்கு 25 மீட்டர்தான். ஐ.டி. கம்பெனி ஊழியரும், ஊரூர் ஆல்காட் குப்பத்துப் பிள்ளைகளும் ஒரே மணலில் நின்றார்கள். 'புதியதோர்' என்ற குழந்தைகள் அமைப்பு தன் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது. ஃபிளைவைல்ட் என்ற சென்னை அணியைப் பற்றி '175 கிராம்ஸ்' என்று ஒரு குறும்படம் வந்தது. 2015-ல் அமெரிக்காவின் சன்டான்ஸ் அமைப்பு நடத்திய குறும்படப் போட்டியில் தேர்வான படங்களில் அதுவும் ஒன்று. சாதி, வருமானம், ஆண், பெண் எல்லாம் ஓர் அணிக்குள் எப்படிக் கலந்து நிற்கின்றன என்பதுதான் படத்தின் விஷயம்.

படம் பார்த்தவர்கள் நெகிழ்ந்தார்கள், சரி. அதே 2015-ன் ஜூலையில் லண்டனில் 23 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகப் போட்டி நடந்தது. ஆடத் தெரிந்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. குறைந்தது விமான டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் தங்குவதற்குமான பணம். ஊரைக் கேட்டுத் திரட்ட வேண்டியிருந்தது. ஏழைப் பிள்ளைகளின் அணிக்கு டிஸ்க் வாங்கிக்கொடுக்க எப்போதும் யாராவது கிடைப்பார்கள். படம் எடுக்கலாம், பத்திரிகையில் போடலாம். பஸ் டிக்கெட் வாங்கிக் கொடுக்கத்தான் ஆள் கிடைக்காது. என் கணிப்பில் ஏழை அணிகள் செத்துப்போகிற இடம் அதுதான்.

உங்கள் ஊரிலிருந்து கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூணாறிலிருந்து சென்னை போட்டிக்குப் போக வேண்டும். பக்கத்தில் ரயில் இல்லை. போடிமெட்டு வழியாக மலை இறங்கினால் போடிநாயக்கனூர். அங்கே 2023 ஜூனில் மறுபடி ரயில் வந்துவிட்டது, அது ஒரு சௌகரியம். பத்து பேர், போக வர, இரண்டு இரவு தங்கல், சாப்பாடு. எஸ்டேட் வீட்டில் இது எவ்வளவு பெரிய தொகை என்று தெரிய வேண்டுமானால் 2015 செப்டம்பரை நினைத்துக்கொள்ளுங்கள். பெம்பிளை ஒருமை என்று பெண் தொழிலாளர்கள் மூணாறு சாலையில் உட்கார்ந்தபோது அவர்களின் நாள் கூலி 232 ரூபாய். போராட்டத்துக்குப் பிறகு 301 ஆனது. அதற்குப் பின்னும் ஏறியிருக்கிறது என்றாலும், ஒரு விளையாட்டுப் பயணத்துக்கு வீட்டில் பணம் கேட்பதென்றால் அம்மாவின் எத்தனை நாள் கொழுந்து அது என்று பிள்ளைக்குத் தெரியும். தெரிவதால்தான் கேட்காமல், "எனக்குக் கால் வலி சார்" என்று சொல்லி விலகிக்கொள்கிறது.

அதனால் சென்னையை இப்போதைக்கு மறந்துவிடலாம். பக்கத்தில் ஆட ஆள் வேண்டும். இங்கேதான் எல்லையோரக் கல்லூரிகளின் விசித்திரமான தொல்லை ஒன்று இருக்கிறது, பெரும்பாலோர் கவனிப்பதில்லை.

சித்தூர் அரசுக் கல்லூரி கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழ். மூணாறு அரசுக் கல்லூரி கோட்டயத்து மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் கீழ். மலைக்கு இந்தப் பக்கம் பொள்ளாச்சியும் உடுமலையும் கோவை பாரதியார் பல்கலைக்கழகம். தேனி மாவட்டத்துக் கல்லூரிகளில் பெரும்பாலானவை மதுரை காமராசர். ஒரே மலைத்தொடரின் இரண்டு சரிவு, ஒரே தமிழ், ஒரே சந்தை, கல்யாணம் காட்சிக்குப் போய்வருகிற சொந்தம். ஆனால் நான்கு பல்கலைக்கழகம். கல்லூரிகளுக்கிடையேயான போட்டி என்றால் அது பல்கலைக்கழகத்துக்குள்ளேயே நடப்பது. மூணாறுப் பிள்ளை கோட்டயத்துக்கு ஆடப் போகும். கூப்பிடு தூரத்துப் போடிப் பிள்ளையோடு ஆட அதற்கு வழியே இல்லை. சித்தூர்ப் பிள்ளை தேஞ்ஞிப்பலம் வரை போகும், பொள்ளாச்சியோடு ஆடாது. கால்பந்தோ வாலிபாலோ ஆனால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. சங்கம் உண்டு, அட்டவணை உண்டு, பதிவு பெற்ற நடுவர் உண்டு, அனுமதிக் கடிதம் உண்டு.

அல்டிமேட்டுக்கு உங்கள் வட்டாரத்தில் இவை எதுவும் உங்களைக் கட்டிப்போடவில்லை. ஆட்டம் இன்னும் சங்கம், அட்டவணை என்ற ஏணியில் ஏறவில்லை என்பது பெரிய குறைதான். அந்தக் குறைதான் உங்களுக்கு இருக்கிற சுதந்திரமும். உடுமலை அரசு கலைக் கல்லூரிக்கு ஒரு போன் போட்டு, "சனிக்கிழமை வருகிறோம், ஐந்து ஐந்து பேராக ஆடலாமா?" என்று கேட்டால் போதும். முதல்வர்கள் இருவர் சம்மதித்தால் போட்டி நடந்துவிடும். நடுவருக்குப் படி கொடுக்க வேண்டியதில்லை, ஏனென்றால் நடுவரே இல்லை.

இப்போது அந்த நடுவர் விஷயத்துக்கு வருவோம். இன்னொரு டீ சொல்லுங்கள்.

தப்பாட்டம் நடந்தால் பாதிக்கப்பட்டவரே "ஃபவுல்" என்று கூப்பிடுவார். ஆட்டம் நிற்கும். எதிராளி ஒத்துக்கொண்டால் அதற்கேற்ப தொடரும். ஒத்துக்கொள்ளவில்லையென்றால் இருவரும் தங்கள் பக்கத்தைச் சொல்வார்கள், நன்றாகப் பார்த்தவர் யாராவது இருந்தால் கேட்கலாம். அப்படியும் தீரவில்லையா? தகராறில்லாமல் கடைசியாக யார் எறிந்தாரோ அவரிடம் டிஸ்க் திரும்பும், அந்த எறிதல் மறுபடி நடக்கும். இதில் நுணுக்கம் என்னவென்றால், பொய் சொன்னால் பெரிய லாபம் கிடைக்காதபடி விதி அமைந்திருக்கிறது. கத்திச் சாதித்தாலும் அதிகபட்சம் ஒரு எறிதல் திரும்ப வரும். பெனால்டி கிக் வராது, சிவப்பு அட்டையும் வராது.

ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு அணியும் எதிரணிக்கு மதிப்பெண் போடும். விதி தெரிந்திருந்ததா, மோதல் இல்லாமல் ஆடினார்களா, நியாயமாக நடந்தார்களா, மனப்பாங்கு எப்படி, பேச்சு எப்படி என்று ஐந்து தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை. இரண்டு என்றால் சாதாரணமாக நன்றாக ஆடினார்கள் என்று அர்த்தம். அதாவது குறையில்லாத ஓர் ஆட்டத்துக்குப் பத்து வந்தால் போதும். நம்மூர்ப் பிள்ளைகள் மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் நான்கு போட்டு இருபது கொடுத்துவிடும். அது விருந்தாளிக்குச் செய்கிற உபசாரம், மதிப்பெண் ஆகாது. முதல் நாளே சொல்லிவையுங்கள்.

இந்த ஏற்பாடு நேர்மையை வளர்க்கும், குணத்தைச் செதுக்கும் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பிரசங்கத்தில் பெரிய நம்பிக்கையில்லை. 2012-ல் அமெரிக்காவில் தொழில்முறை லீக் தொடங்கியதும் முதல் வேலையாக நடுவர்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். டிக்கெட்டும் ஒளிபரப்பும் வந்தபின் அங்கே குணத்தை மட்டும் நம்பி இருக்க முடியவில்லை. நான் பார்க்கிற பலன் வேறு. வகுப்பில் வாயே திறக்காத முதலாம் ஆண்டுப் பெண், மூன்றாம் ஆண்டுப் பையனைப் பார்த்து, "நீங்கள் என் கையைத் தட்டினீர்கள்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியே ஆக வேண்டும். அவளுக்குப் பதிலாகச் சொல்ல விசில் வைத்த ஆள் யாருமில்லை. தமிழில் பாதி, மலையாளத்தில் பாதி என்று பேசித் தீர்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இது நல்ல பழக்கம். அந்த அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

பெண்கள் என்றதும் ஒன்று. அல்டிமேட்டில் ஆண் பெண் கலந்த பிரிவு ஓரத்து வேடிக்கை இல்லை. உலகப் போட்டிகளிலேயே முழுமையான ஒரு பிரிவு. ஏழு பேரில் ஒரு பக்கம் நாலு பேர், மறுபக்கம் மூணு பேர் என்று களத்தில் நிற்பார்கள். சின்னக் கல்லூரிக்கு இது வரப்பிரசாதம். ஆண்கள் அணிக்குப் பதினைந்து பேர், பெண்கள் அணிக்குப் பதினைந்து பேர் என்று தேட வேண்டியதில்லை, எல்லோருமாகச் சேர்ந்து ஓர் அணி தேறும். ஆனால் பெண்கள் இல்லாமல் அந்தப் பிரிவில் இறங்கவே முடியாது. ஆகவே கூட வரும் டீச்சர் யார், இருட்டுவதற்குள் எந்த பஸ், தங்க நேர்ந்தால் எங்கே என்பதெல்லாம் கடைசி நேரத்துச் சில்லறைக் கவலை என்று நினைத்துவிடாதீர்கள். அணி இருப்பதும் இல்லாததும் அதில்தான். பையன்கள் மட்டும் போகிற பயணத்துக்குப் போடுகிற பட்ஜெட்டை இதற்குப் போட்டால் ஒரு பெண்ணும் வரமாட்டாள், அவள் வீட்டில் அனுப்பமாட்டார்கள், அவர்கள் செய்வது சரிதான்.

இனி காற்று. எனக்குப் பிடித்த இடம் இது. கொஞ்சம் நீட்டிப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகச் சுவராக நிற்கிறது; பாலக்காட்டில் மட்டும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமாக ஒரு வாசல். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேல்காற்று அதற்குள் நெருக்கிப் புகுந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் காற்றாலைகளைச் சுற்றிவிடுகிறது. கார்த்திகை பிறந்ததும் திசை மாறிக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும். பாலக்காட்டார் விருச்சிகக் காற்று என்பார்கள், உதடு வெடிக்கும், ஓலை பறக்கும். கேரளத்தில் காற்றாலை வைக்க இடம் தேடியவர்கள் எங்கே போனார்கள் பாருங்கள்: 1990களில் பாலக்காட்டுக் கஞ்சிக்கோடு, பிறகு இடுக்கியில் ராமக்கல்மேடு. உங்கள் இரண்டு ஊரும் காற்றுக்குப் பெயர்போனவை. 175 கிராம் டிஸ்க்கை எறிய இதைவிடக் கஷ்டமான இடம் கேரளத்தில் இல்லை.

டிஸ்க் பறப்பதற்கு இரண்டு காரணம். மேற்பக்கம் வளைவாகவும் கீழ்ப்பக்கம் குழியாகவும் இருப்பதால் காற்றைக் கிழித்துப் போகும்போது மேல்நோக்கி ஒரு தூக்கல் கிடைக்கிறது. சுழற்சி அதைக் கவிழாமல் பிடித்துவைக்கிறது. பம்பரம் சுற்றும்வரை சாயாததைப் போல. விளிம்பில் கனம் வைத்திருப்பது இதற்குத்தான். மேற்புறத்தில் வட்ட வட்டமாக மெல்லிய வரம்புகள் தெரியும். எட் ஹெட்ரிக் என்பவர் அதைச் சேர்த்து 1967-ல் காப்புரிமை வாங்கினார். பிள்ளை விளையாட்டாக இருந்த தட்டு நேராகப் பறந்து விளையாட்டுக் கருவியானது அதற்குப் பிறகுதான்.

எதிர்க்காற்றில் எறிந்தால் டிஸ்க்கின் மேல் பாயும் காற்றின் வேகம் கூடும், தூக்கல் கூடும். மூக்கு கொஞ்சம் நிமிர்ந்திருந்தால் போதும், தலைக்கு மேலே ஏறி, நின்று, எறிந்தவரை நோக்கியே திரும்பி வரும். ஆகவே மூக்கைத் தாழ்த்தித் தாழ்வாக எறிய வேண்டும். பின்காற்றில் தலைகீழ்: தூக்கல் குறைந்து, போய்ச் சேருவதற்கு முன்பே மூக்கு குத்தி விழும். அங்கே உயரம் கொடுத்து எறிய வேண்டும். பக்கக் காற்று ஆகப் பொல்லாதது. சாய்ந்த டிஸ்க்கின் அடிப்பக்கத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு எல்லைக்கு வெளியே போய்விடும். மூன்றுக்கும் பொது மருந்து ஒன்றுதான்: கையின் பலத்தைக் கூட்டாமல் மணிக்கட்டின் சொடுக்கைக் கூட்டுவது. பலமாக வீசுகிறவனைவிடச் சொடுக்கத் தெரிந்தவள் காற்றில் ஜெயிப்பாள். எதிரணி எறியத் தடுமாறுகிற நாளில், ஆளுக்கு ஆள் மறிப்பதை விட்டுவிட்டு இடத்துக்கு ஓர் ஆளாகப் பிரிந்து நின்று தடுக்கலாம். காற்று உங்களுக்குப் பாதி வேலையைச் செய்துவிடும்.

மூணாறில் வேறொரு சங்கதியும் உண்டு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கீழே உள்ளதைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. தூக்கலும் அந்த அளவுக்குக் குறையும். சித்தூரில் பழகிய கை மேலே வந்து எறிந்தால் டிஸ்க் நினைத்ததைவிடச் சீக்கிரம் தாழும். ஆளுக்கு மூச்சும் வாங்கும். மலைப் பிள்ளை கீழே இறங்கினால் அதன் டிஸ்க் மிதந்துகொண்டே போகும். கணவாய்க் காற்றில் பழகிய அணியும் மலைக் காற்றில் பழகிய அணியும் மாறி மாறி ஆடினால் இரண்டுக்கும் கிடைக்கிற பயிற்சியைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

ஆனால் போய்வர வேண்டுமே. பாலக்காடும் மூணாறும் கேரளத்துக்குள்ளேயே இருக்கிற இரண்டு ஊர். வசதியான வழி தமிழ்நாட்டுக்குள் நுழைந்து பொள்ளாச்சி, உடுமலை, சின்னார், மறையூர் என்று போகிறது, 150 கிலோமீட்டர் போல. சின்னாரில் காடு. யானை நிற்கிற சாலை, இரவுப் பயணத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். வேன் எடுத்தால் இன்னொரு மாநிலத்துக்குள் போய்வரப் பர்மிட், வரி என்று கேட்பார்கள். லைன் பஸ்ஸில் போனால் மலிவு. பத்துப் பிள்ளைகளும் ஒரு டீச்சரும் லைன் பஸ்ஸில் போகலாம். அதனால்தான் ஐந்து பேர் ஆட்டம் என்கிறேன்; பதினைந்து பேர் என்றால் வேன் கேட்கும், பத்து பேர் என்றால் பஸ்ஸில் அடங்கும். இரண்டு அணியும் பாதி வழியில் உடுமலையில் சந்தித்தால் யாருக்கும் தங்கல் செலவில்லை.

இடமும் அப்படித்தான். மூணாறில் தட்டையான நிலம் என்பதே அபூர்வம். இருக்கிற நல்ல மைதானம் பழைய மூணாறில் தேயிலைக் கம்பெனியுடையது. அரசுக் கல்லூரிக்கோ 2018 மழையில் மண் சரிந்து கட்டடங்களே போய், வகுப்புகளை வேறிடத்துக்கு மாற்ற வேண்டிவந்தது. வகுப்பறைக்கே அல்லாடிய கல்லூரியிடம் 100 மீட்டர் மைதானம் கேட்பது நியாயமில்லை. 75-க்கு 25 கேளுங்கள். பள்ளிக்கூட மைதானத்தில், கால்பந்துக் களத்தின் ஒரு பாதியில்கூடக் குறுக்கே சுருக்கி அமைத்துக்கொள்ளலாம். மறு பாதியில் கால்பந்துப் பையன்கள் ஆடிக்கொண்டிருக்கட்டும், சண்டை வராது.

இனிக் கசப்பான பகுதி. பெற்றோர் கேட்பார்கள்: "இதனால் என்ன பிரயோஜனம்?"

பாலக்காட்டுக்காரர்களிடம் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. அவர்கள் கண்ணெதிரே பறளியும் முண்டூரும் இருக்கின்றன. பெரிய வசதியில்லாத பள்ளிக்கூடங்கள். அங்கிருந்து தடகள வீரர்கள் வரிசையாக வந்தார்கள். முண்டூர் பி.யு. சித்ராவின் பெற்றோர் கூலி வேலை செய்தவர்கள். அவர் 1,500 மீட்டரில் 2017-ல் புவனேசுவரத்திலும் 2019-ல் தோகாவிலும் ஆசிய சாம்பியன் ஆனார். இடுக்கியில் கே.எம். பீனாமோள், 2002 பூசான் ஆசிய விளையாட்டில் தங்கம். இவர்களுக்கும் பணம் இல்லை. ஆனால் ஏணி இருந்தது. உபமாவட்டம், மாவட்டம், மாநிலப் பள்ளி விளையாட்டு, தேசியம் என்று படி படியாக. ஒவ்வொரு படியிலும் ஒரு சான்றிதழ். சான்றிதழுக்கு கிரேஸ் மார்க், சேர்க்கையில் இடம், ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டு என்பது அந்த ஏணியும் சேர்ந்ததுதான்.

அல்டிமேட்டை நடத்தும் உலக அமைப்புக்கு 2015 ஆகஸ்டில் ஒலிம்பிக் கமிட்டியின் முழு அங்கீகாரம் கிடைத்தது. அங்கீகாரம் வேறு, ஒலிம்பிக்கில் ஆடுவது வேறு. 2028 லாஸ் ஏஞ்சலஸுக்குக் கூடுதல் ஆட்டங்களைத் தேர்ந்தபோது கிரிக்கெட் உள்ளே போனது, டிஸ்க் வெளியே நின்றது. அதனால் பெற்றோரிடம் பொய் சொல்லாதீர்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் இந்த ஆண்டு விளையாட்டுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் இந்த ஆட்டத்தின் பெயர் இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள். கிரேஸ் மார்க் வரும் என்று ஆசை காட்டி ஆள் சேர்த்த அணி, அது வராது என்று தெரிந்த செமஸ்டரில் காணாமல் போகும். நன்றாக ஓடுகிற பிள்ளை ஒன்று இருந்தால், "நீ காலையில் தடகளத்துக்குப் போ, சாயங்காலம் இங்கே வா" என்று சொல்லத் தயாராக இருங்கள். ஏணி உள்ள ஆட்டத்திலிருந்து பிள்ளையைப் பிடுங்கி இல்லாத ஆட்டத்தில் நிறுத்துவது நமக்கு வீம்பு, அதற்கு நஷ்டம்.

அணியின் ஞாபகம் என்று ஒன்று இருக்கிறது; ஆட்டம் தெரிந்தவர்கள் அடுத்த வருஷமும் இருந்தால்தான் அது தங்கும். தமிழ்நாட்டுப் பக்கம் சமுதாயக் கல்லூரிகள் உண்டு. 1995-ல் புதுச்சேரியிலும் 1996-ல் சென்னையிலும் தொடங்கிய ஏற்பாடு. ஒரு வருஷப் படிப்பு, கையில் ஒரு தொழில், வெளியே வேலை. நல்ல காரியம். ஆனால் அங்கே ஓர் அணி கட்டினால் ஆட்டம் பிடிபடுகிற நேரத்தில் எல்லோரும் போய்விடுவார்கள், அடுத்த ஜூனில் மறுபடி முதலிலிருந்து. மூன்று வருஷக் கல்லூரியில் அந்தக் கஷ்டம் குறைவு. கேரளத்தில் 2024 முதல் நான்கு வருஷ பட்டப்படிப்பு வந்திருக்கிறது. நான்காம் வருஷம் தங்குகிற பிள்ளை ஒன்றிரண்டு இருந்தால் அவர்களே உங்கள் பயிற்சியாளர்கள். வெளியிலிருந்து கோச் தேடிச் செலவு செய்யாதீர்கள். விதிப் புத்தகத்தை எழுத்தெண்ணிப் படித்த இரண்டு மாணவிகள் இருந்தால் போதும். நடுவர் இல்லாத ஆட்டத்தில் விதி தெரிந்தவள்தான் தலைவி.

முதல் வருஷத்துக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஜூன், ஜூலை மழையில் உள்ளரங்கிலோ வராந்தாவிலோ எறிந்து பிடிக்கப் பழகட்டும். ஆகஸ்டு, செப்டம்பரில் காற்றில் நிற்கட்டும், நிறைய விழட்டும். ஓண விடுமுறை கழிந்ததும் உள்ளூர்ப் பள்ளியோடு ஓர் ஆட்டம். பிப்ரவரியில், விருச்சிகக் காற்று அடங்கி, தேர்வு நெருங்குவதற்கு முன், உடுமலையில் நான்கு அணி, ஒரே நாள்: சித்தூர், மூணாறு, உடுமலை, தேனிப் பக்கத்திலிருந்து ஒன்று. காலை ஒன்பதுக்குத் தொடங்கி மூன்றுக்கு முடித்தால் மூணாறுப் பிள்ளைகள் வெளிச்சத்திலேயே சின்னாரைத் தாண்டிவிடுவார்கள். பரிசுக்கோப்பை வேண்டாம்; அந்தக் காசு மதியச் சோற்றுக்குப் போகட்டும்.

பி.டி.ஏ. கூட்டத்தில் மனு கொடுக்கும்போது "விளையாட்டு உபகரணம்" என்று தலைப்பிட்டு எழுதினால் ஆயிரமோ இரண்டாயிரமோ உடனே சரி என்று ஒதுக்கி, அத்தோடு கோப்பை மூடிவிடுவார்கள். "போக்குவரத்து, பிப்ரவரி, பதினொரு பேர், உடுமலை போய் வர" என்று எழுதுங்கள். உடுமலைக் கல்லூரியின் சம்மதக் கடிதத்தையும் பஸ் கட்டணக் கணக்கையும் பின்னால் ஊசி குத்தி வையுங்கள். கூட வரச் சம்மதித்த டீச்சரின் கையெழுத்தையும்.